ஜன்னலின் அடிப்பக்கம்

வடகிழக்கிலிருந்து வாடை கிளம்பி மழை பக்கவாட்டில் அடிக்கிற நாளில், டிக்கர்ஸ் ஹார்பரில் யார் வீட்டு அடுப்படியிலும் தெர்ஸா பட்ஜெல் வந்து நிற்கக்கூடும். சொல்லிக்கொண்டெல்லாம் வரமாட்டாள். ரப்பர் பூட்ஸை வாசலில் உதறிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போவாள். திரையை ஒதுக்கி, சட்டத்துக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்பாள். சுவர் காய்ந்திருந்தால் ஒரு பெருமூச்சு விடுவாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரி பக்கம் திரும்பி, “எப்படிம்மா இருக்கே?” என்பாள். அதற்குள் டீ வந்திருக்கும்.

“மழை வந்தா எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள ஓடுவாங்க. தெர்ஸா அடுத்தவங்க வீட்டுக்குள்ள ஓடுவா” என்று ஊரில் கேலி உண்டு. கேலி செய்கிறவர்கள் வீட்டு ஜன்னலையும் அவள்தான் பொருத்தியிருப்பாள்.

நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட வருஷம், மீன் ஆலையை இழுத்து மூடினார்கள். அதுவரை மீன் அறுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் வேறு தொழில் சொல்லித்தருகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். முடி திருத்தும் வகுப்புக்கு அடிதடி. தெர்ஸா போய்ச் சேர்வதற்குள் அதில் இடம் நிரம்பிவிட்டது. தச்சு வகுப்பு காலியாகக் கிடந்தது. அதில் தள்ளிவிட்டார்கள். “நல்லவேளை, ஊர்க்காரங்க தலை தப்பிச்சுது” என்றான் அவள் புருஷன் ஹேவர்ட்.

வகுப்பில் மற்றவர்கள் படிக்கட்டு, அலமாரி என்று கற்றுக்கொண்டு போக, தெர்ஸாவின் மனசு ஜன்னலிலேயே மாட்டிக்கொண்டது. ஜன்னல் என்றால் என்ன, நல்ல சுவரில் நாமே போட்ட ஓட்டை. மற்றவர்களுக்கு அதில் வெளிச்சம் தெரியும், துறை தெரியும், வருகிற படகு தெரியும். தெர்ஸாவுக்குத் தண்ணீர்தான் தெரியும். இவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் அமைந்திருக்க முடியாது. பயந்து பயந்து செய்ததாலேயே வேலை சுத்தமாக இருந்தது.

ஊரில் அவள் இப்படி உள்ளே போய் வருவதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அங்கே கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. தட்டினால் அந்நியன். போலீஸ்காரர் தட்டுவார், பாதிரியார் தட்டுவார், வழி தவறிய சுற்றுலாக்காரன் தட்டுவான். தெரிந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, “நான்தான்” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். தெரிந்தவன் ஒருத்தன் தட்டிவிட்டு நின்றால், ‘நமக்கும் இவனுக்கும் என்ன தகராறு?’ என்று வீட்டுக்குள் இருப்பவர்கள் யோசிப்பார்கள்.

இது மருமகள் ஜனீனுக்குத் தெரியவில்லை. அவள் செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பெண். மகன் கார்லண்ட் அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்து, துறைக்கு மேலே பாறைமேட்டில் வீடு கட்டினான். ஜன்னல் எல்லாம் அம்மாதான் பொருத்தினாள். குழந்தை மெய்சி பிறந்த பிறகு தெர்ஸாவுக்கு மழைகூடத் தேவைப்படவில்லை. வெயிலடித்தாலும் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் ஜனீன் பாதி உடையோடு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இவள் திரையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். ஜனீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மறுநாள் கதவில் ஒரு தாழ்ப்பாள் மாட்டியிருந்தது.

“தப்பா நினைக்காதீங்க அத்தை. இனிமே கொஞ்சம் தட்டிட்டு வாங்க.”

“என் பிள்ளை வீட்டுக்கா?”

“என் வீடும்தானே அத்தை.”

தெர்ஸா அப்படியே திரும்பி வந்துவிட்டாள். கோடை ஆரம்பத்தில், கேப்லின் மீன் கரையில் வந்து விழுகிற பருவத்தில் நடந்தது அது. இப்போது அக்டோபர். இடையில் அந்த மேட்டுக்கு அவள் ஏறவேயில்லை. கார்லண்ட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவான், சாப்பிடுவான், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் செய்கிறபடி பருவநிலை பற்றிப் பேசிவிட்டுப் போவான். தெர்ஸாவுக்குப் பேத்தி நினைப்பாகவே இருக்கும். ஆனால் சொந்த மகன் வீட்டு வாசலில் போலீஸ்காரனைப் போல் தட்டிவிட்டு நிற்பதா? உயிர் போனாலும் முடியாது என்று ஹேவர்டிடம் சொன்னாள். உயிர் போகிற விஷயத்தை எல்லாம் அவள் கொஞ்சம் சுலபமாகச் சொல்லக்கூடியவள்தான்.

அன்று லியாண்டர் ஸ்நூக் வீட்டில் வேலை. லியாண்டர் படகு ஓட்டி ஓய்ந்தவர், ஊருக்கே ஸ்கிப்பர். அடுப்படியைக் கடல் பக்கம் நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே ஜன்னலுக்கு விட்ட இடைவெளியைத் தெர்ஸா முதலில் அளந்தாள். நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தால்தான் ஜன்னலை உள்ளே ஆட்டி அசைத்து மட்டம் பார்க்க முடியும். இருந்தது. ஜன்னலைத் தூக்கி வைத்து, ஸ்கிப்பரை வெளியே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இவள் உள்ளே ஆப்புக்கட்டைகளோடு மண்டியிட்டாள்.

“கெட்டியாப் பிடிச்சிருக்கீங்களா ஸ்கிப்பர்?”

“காலமெல்லாம் சுக்கான் பிடிச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

“சுக்கான் கீழ விழுந்தா உடையாது. இது உடையும்.”

அடிச்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி இடது பக்கம் ஒதுங்கி நின்றது. வலது மூலைக்கடியில் ஓர் ஆப்பை விரலால் தள்ளி, சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். குமிழி நகர்ந்து நடுவில் நின்றது.

“வந்துருச்சில்ல? ஆணியை அடிம்மா. கை மரத்துப் போகுது.”

தெர்ஸா ரசமட்டத்தை எடுத்து, முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தாள்.

“அடிப்பாவி, ரசமட்டத்தையே நம்ப மாட்டியா நீ?”

“அதுவும் என்னைக்காவது கீழ விழுந்திருக்கும்ல.”

பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளந்தாள். இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகுதான் ஆணி. அதன் பிறகு வெளியே போய், சட்டத்தைச் சுற்றிச் சுவரோடு ஒட்டி நிற்கும் விளிம்பின் மேல் தண்ணீர் புகாத ஒட்டுப்பட்டையை ஒட்டினாள். முதலில் இரண்டு பக்கமும், அவற்றின் மேல் ஏறினாற்போல மேல்பக்கமும். அதோடு சுருளைப் பையில் போட்டாள்.

“அடியில விட்டுட்டியே” என்றார் ஸ்கிப்பர்.

“அடியில ஒட்டக் கூடாது. எந்த ஜன்னலா இருந்தாலும் கொஞ்சமாவது தண்ணி குடிக்கும் ஸ்கிப்பர். குடிச்சது கீழ வழியா வெளிய வரணும். அடியையும் அடைச்சிட்டா சுவத்துக்குள்ளயே நின்னு…”

அவள் பையில் போட்ட சுருளைத் திரும்பிப் பார்த்தாள்.

கார்லண்ட் வீட்டு ஜன்னலைப் பொருத்திய நாள் கண்முன் வந்தது. தொட்டில் போடப்போகிற அறை, வாடை நேராக வந்து மோதுகிற சுவர். கார்லண்ட் விட்டிருந்த இடைவெளி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆப்பு வைத்து வைத்து அதை மட்டத்துக்குக் கொண்டுவரவே பாதி நாள் போனது. தூறல் வேறு. ஜனீன் பெரிய வயிற்றோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைமேல் ஒரு சொட்டு விழக்கூடாது என்று தெர்ஸா மேலே ஒட்டினாள், பக்கத்தில் ஒட்டினாள். பையில் பட்டை மிச்சம் இருந்தது. இன்னும் கொஞ்சம் பத்திரமாக இருக்கட்டுமே என்று அடியிலும் இழுத்து அழுத்தி ஒட்டிவிட்டாள். ஊரார் வீட்டில் ஒரு தடவைகூடச் செய்யாத தப்பை மகன் வீட்டில், அன்பு கூடிப் போனதால், இரண்டு கையாலும் செய்தாள்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் ஸ்கிப்பர். “கார்லண்டை நினைச்சா? ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன படகு ஒண்ணும் இன்னும் திரும்பலதான். காத்து வடகிழக்குல திரும்பிடுச்சு. ஆனா அவனுங்க புத்திசாலிங்க, எங்கயாவது ஒதுங்கியிருப்பானுங்க. ஆமா, பிள்ளைக்கு இருமல் விட்டுச்சா?”

“என்ன இருமல்?”

“உனக்குத் தெரியாதா? கொஞ்ச நாளா பிள்ளையை வெளிய எடுக்கறதே இல்லையாம், மருந்து குடுத்தும் நிக்கலைன்னு கடையில பேசிக்கிட்டாங்களே.”

தெர்ஸா டீக்கு நிற்கவில்லை. டீ குடிக்காமல் அவள் ஒரு வீட்டைவிட்டுப் போய் ஸ்கிப்பர் பார்த்ததில்லை.

வீட்டில் ஹேவர்ட் முதுகுவலியோடு அடுப்படிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, படகுகள் பேசிக்கொள்ளும் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தான். கரகரப்பைத் தவிர எதுவும் வரவில்லை. தெர்ஸா தொலைபேசியை எடுத்தாள். காற்றில் எங்கோ கம்பி அறுந்து உயிரில்லாமல் கிடந்தது.

“சுவருக்குள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும் ஹேவர்ட். தொட்டிலுக்குத் தலைமாட்டுல. அந்தக் காத்தைத்தான் பிள்ளை ராவெல்லாம் இழுக்குது. நான் ஒட்டினது.”

“காத்து அடங்கட்டும், போகலாம்.”

“அடங்குறவரைக்கும் பிள்ளை மூச்சு விடாம இருக்குமா?”

“அப்ப போ. ஆனா தட்டணுமே?” ஹேவர்ட் கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டான்.

மகன் கடலில் இருந்தான். அந்தக் கவலை இல்லாமலா? இருந்தது. ஆனால் கடலை நிமிர்த்த அவளிடம் ஆப்புக்கட்டை இல்லை. கையால் எட்டிச் சரிசெய்யக்கூடிய ஒரே இடம் அந்தச் சுவர்தான். பயம் முழுவதையும் அதன்மேல் இறக்கி வைத்தாள். கடப்பாரை, கத்தி, விளக்கு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். காற்று இரண்டு முறை அவளைப் பாறையில் உட்கார வைத்தது.

முதலில் வீட்டுக்கு வெளியே போய் ஜன்னலடியைப் பார்த்தாள். வெளிப்பலகை எல்லாவற்றையும் மூடியிருந்தது. மழை அதன்மேல் அறைந்து வழிந்தது, பலகைக்குப் பின்னால் என்ன என்று சொல்ல முடியவில்லை. கண்ணாடி வழியே தொட்டில் தெரிந்தது. உள்ளே ஏதோ இருமுகிற மாதிரி இருந்தது. காற்றா, குழந்தையா என்று பிரிக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சட்டத்தைப் பெயர்த்துப் பார்த்தால்தான் ஆச்சு.

வாசலுக்கு வந்து வழக்கம்போல் கைப்பிடியைத் திருகினாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இத்தனை மாதக் கோபமும் பொங்கி வந்தது. ‘தட்டணும்னு சொன்னாள்ல? தட்டுறேன். ஊர் பாக்கட்டும், உலகம் பாக்கட்டும்.’ காற்றின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று முஷ்டியை மடக்கி ஓங்கித் தட்டினாள். நிறுத்தினாள். பதிலில்லை. மறுபடியும் தட்டினாள்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உடைந்தது. பிறகு சத்தமே இல்லை. யாரும் வரவில்லை. தெர்ஸாவின் கோபம் இன்னும் ஏறியது. மூன்றாவது முறையும் தட்டினாள்.

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. ஜனீன் நின்றாள். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. இடுப்பில் குழந்தை. அவள் கண் தெர்ஸாவின் மேல் நிற்காமல், தெர்ஸாவுக்குப் பின்னால், இன்னொரு ஆளைத் தேடியது.

“பாதர் எங்க?” என்றாள்.

“எந்தப் பாதர்?”

“சொல்லிடுங்க அத்தை. படகா? அவர் மட்டுமா, எல்லாருமா?”

அப்போதுதான் தெர்ஸாவுக்கு உறைத்தது. படகுகள் வெளியே இருக்க, வாடை அடித்துக்கொண்டிருக்க, அந்த ஊரில் கதவைத் தட்டுகிறவர் பாதிரியார் ஒருவர்தான். அவர் சாவுச் செய்தி சொல்லத்தான் தட்டுவார் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கூட வருவது குடும்பத்தில் மூத்த பெண். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் கிடந்தவள், இதை மறந்துவிட்டு முஷ்டியால் அடித்திருக்கிறாள். நகரத்துப் பெண்ணோ அதை நன்றாகக் கற்றுக்கொண்டு, வாசலில் பாதிரியாரைத் தேடிக்கொண்டு நிற்கிறாள்.

“ஐயோ, இல்லடி! ஒண்ணுமில்ல! யாருக்கும் ஒண்ணுமில்ல கண்ணு! ஜன்னல்… நான் ஜன்னலைப் பாக்க வந்தேன்!”

ஜனீன் சுவரைப் பிடித்துச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தெர்ஸா குழந்தையை வாங்கப் பக்கத்தில் குனிந்ததும், ஜனீன் அவள் தோளில் ஓங்கி அடித்தாள். மழைச் சட்டையில் பட்டுச் சத்தம் வந்தது. இன்னொரு அடி, இன்னொன்று.

“ஜன்னலா? ஜன்னலா? தட்டுவாங்களா யாராவது? இந்தக் காத்துல? அறிவிருக்கா உங்களுக்கு?”

“இல்லம்மா. இல்ல. அடி. நல்லா அடி.”

அடித்த கையாலேயே பிறகு தெர்ஸாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிய குழந்தை இருமத் தொடங்கியது. கரகரத்த, ஈர இருமல். தெர்ஸா முதல் தடவையாக அதைக் காதால் கேட்டாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த இருமல் என்னாலதான்.”

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஜனீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். எழுந்து போய்த் தொட்டிலை இழுத்து அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெர்ஸா உள்சட்டத்துக்கடியில் கடப்பாரையைச் செருகி நெம்பினாள். குளிருக்காகச் சுவருக்குள் அடைத்திருந்த பஞ்சு கறுத்து, பிழிந்தால் சொட்டும்படி ஊறிக் கிடந்தது. ஈரச் சாக்கு வாடை குப்பென்று வந்தது. மரம் இன்னும் இற்றுப்போகவில்லை. கத்தி முனையால் குத்திக் குத்திப் பார்த்து, அதை மட்டும் நிச்சயப்படுத்திக்கொண்டாள். வெளியே போய் அடிப்பலகையைப் பெயர்த்து, தான் ஒட்டிய பட்டையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கீறினாள். உள்ளே தங்கியிருந்த தண்ணீர் பழுப்பாக அவள் மணிக்கட்டு வழியே சட்டைக்கைக்குள் இறங்கியது. எத்தனையோ ஜன்னலில் தண்ணீரைப் பார்த்துப் பதறியவள், இந்த ஒரு தண்ணீரைப் பார்த்து அழுதாள்.

உள்ளே திரும்பியபோது ஜனீன் ஊறிய பஞ்சை எல்லாம் வாளியில் அள்ளியிருந்தாள்.

“சுவரு காயணும். அதுவரைக்கும் பிள்ளையை இந்த அறையில விடாதே. காத்து நின்னதும் வந்து முடிச்சுக் குடுக்குறேன்” என்று பையைத் தூக்கினாள் தெர்ஸா.

“எங்க போறீங்க?”

“வீட்டுக்கு. மாமா தனியா…”

“போகாதீங்க.” ஜனீன் அவள் பையைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். “அவர் குரலைக் கேக்குறவரைக்கும் இங்கயே இருங்க. யாராவது வந்து தட்டினா நீங்க போய்த் திறங்க அத்தை. என்னால இன்னொரு தடவை முடியாது.”

தெர்ஸா பூட்ஸைக் கழற்றினாள். கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஜனீன் டீ போட்டாள். யாரும் குடிக்கவில்லை. அலமாரிமேல் இருந்த படகு வானொலி கரகரத்துக்கொண்டிருந்தது. காற்று கதவை ஆட்டும்போதெல்லாம் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரத்தைத் தெர்ஸா எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியபோது வானொலியில் கார்லண்டின் குரல் வந்தது. எதிர்க்கரைத் தீவுக்குப் பின்னால் எல்லாப் படகும் ஒதுங்கியிருக்கின்றன, இவ்வளவு நேரம் பாறை மறைத்ததால் குரல் எட்டவில்லை, இப்போதுதான் கொஞ்சம் வெளியே நகர்ந்து வந்தேன் என்றான். ஜனீன் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“பிள்ளை எப்படி இருக்கா?” என்று கேட்டான் கார்லண்ட்.

“தூங்குறா. அத்தை இங்கதான் இருக்காங்க.”

“அம்மாவா? அங்கயா?” கார்லண்ட் சிரித்தான். “எப்படி வந்தாங்க? தட்டிட்டா?”

“தட்டிட்டுதான்.”

“இந்தக் காத்துலயா?”

“இந்தக் காத்துலதான்.”

வானொலி வெறுமனே இரைந்தது. அந்த அலைவரிசையில் ஊரே காது வைத்திருந்தது. ஹேவர்ட் இருந்தான், ஸ்கிப்பர் இருந்தார். வேறொரு நாளாக இருந்தால் யாராவது குறுக்கே புகுந்து ஒரு வம்பாவது சொல்லியிருப்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கார்லண்ட் மறுபடி பேசியபோது அவன் குரல் மாறியிருந்தது.

“ஜனீன், அம்மாகிட்ட குடு.”

தெர்ஸா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் வாங்கினாள். சொல்ல எவ்வளவோ இருந்தது.

“ஜன்னல் இப்ப நல்லா இருக்குடா” என்றாள்.